மூங்கிப்பள்ளத்து ஓட்டுப்பெட்டி

மூங்கிப்பள்ளத்துக்கு இன்றைக்கும் ரோடு கிடையாது. பெரும்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்து வேலியை ஒட்டிப் போகிற ஒற்றையடிப் பாதையில் நுழைந்து, ஓடையைத் தாண்டி, இடுக்குப்பாறையைத் தாண்டி, முழங்கால் கழன்று விழும் அளவுக்கு இறங்கியபின்தான் முதல் கூரை கண்ணில் படும். ரேஷன் அரிசி, சிமெண்டு மூடை, கல்யாணத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி என்று எதுவானாலும் குதிரை முதுகில்தான் கீழே போகும். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் அதே முதுகில் மேலே ஏறும்.

ஊரில் இருந்ததே நாலு குதிரை. அவை பிச்சையாவுக்கும் அவர் தம்பி வேலுச்சாமிக்கும் பொதுவானவை. தேர்தல் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

பிச்சையா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அப்பன் மிளகு பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து செத்தபோது அவருக்கு மீசை அரும்பவில்லை. வேலுச்சாமி கைப்பிள்ளை. அம்மா அடுத்த மழைக்காலத்துக்குக்கூட இருக்கவில்லை. இரண்டு அரிசி மூடைக்கு நடுவே துணியை விரித்து, தம்பியை அதில் உட்காரவைத்துக் கட்டி, மேலும் கீழுமாக நடந்தே அவனை வளர்த்தார். பெண் கொடுக்க வந்தவர்களிடம், “இவன் ஒரு நெலைக்கு வரட்டும்” என்றார். அவன் நிலைக்கு வந்தபோது பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டதும் இல்லை. பெரும்பாறைத் தோட்டக் கூலிகளின் லயத்தில் தேவகுமாரியைப் பார்த்து அவரே தம்பிக்குப் பேசி முடித்தார். அவளுடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். உலகத்தில் பிச்சையாவுக்கென்று இருந்தது வேலுச்சாமி ஒருவன்தான். அவன் போய்விட்டால் மிச்சம் குதிரைதான்.

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. சின்னம் இல்லையே தவிர, கட்சி இல்லாமல் போகுமா? அந்த வருசம் ஒரே கட்சியிலிருந்து இரண்டு பேர் நிற்கக் கிளம்பினார்கள். ஒருவர் காப்பி வியாபாரி ஹரிகிருஷ்ணன். மலையில் விளைகிற காப்பியில் பாதி அவர் களத்தில்தான் காயும். இன்னொருவர் திருமலைச்சாமி. சின்ன ஆரஞ்சுத் தோட்டக்காரர். ரேஷன் அரிசியை ரோட்டில் வைத்து எடைபோடாமல் மூங்கிப்பள்ளத்துக்கே கொண்டுவந்து போடவேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கு அலைந்து சாதித்த மனுசன். பிச்சையாவுக்கு அது போதும். வேலுச்சாமிக்குப் போதவில்லை. அவனுக்கு ரோடு வேண்டும். ரோடு வந்ததும் ஜீப்புக்குத் தன்னை டிரைவராகப் போடுவதாக ஹரிகிருஷ்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

“குதிரைக் குண்டியப் பாத்துக்கிட்டே சாகச் சொல்றியாண்ணே?” என்பான்.

“ரோடு போட்டா குதிரைய என்னடா பண்றது?”

“வித்துப்புட்டு ஜீப்புல முன்சீட்டுல உக்காரு. யாரு வேணாங்கறா?”

அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

கீழேயிருந்து கட்சியின் ஒன்றியச் செயலாளர் வந்தார். ஹரிகிருஷ்ணனுடைய காப்பிக் களத்திலேயே கூட்டம் போட்டார்கள். ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் ஹரிகிருஷ்ணன் வெள்ளனே ஆடு அறுத்துப் பிரியாணி போட்டிருந்தார். எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும்போது செயலாளர் எழுந்தார்.

“ரெண்டு பேருமே நம்ம ஆளுங்க. அடிச்சுக்கிட்டா மூணாவது ஆளு உள்ள பூந்துருவான். கட்சிக் கார்டு வச்சிருக்கவங்க மட்டும் கையத் தூக்குங்க. யாருக்குக் கை கூடுதலோ அவரு நிப்பாரு. மத்தவரு வாபஸ் வாங்கிக்கிரணும். சரிதானங்க?”

சரி என்றார்கள். ஹரிகிருஷ்ணனுக்குக் கை தூக்கச் சொன்னபோது களத்து வேலையாட்கள் மொத்தமும் தூக்கினார்கள். வேலுச்சாமி இரண்டு கையையும் தூக்கினான். “ஏலே, ஒத்தக் கைய எறக்குடா” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அடுத்து திருமலைச்சாமிக்குத் தூக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் பின்வரிசையில் பிச்சையாவின் கை எழுந்தது. அது எழுந்ததும் மூங்கிப்பள்ளத்துக் கைகள் எல்லாம் எழுந்தன. அதைப் பார்த்து, பிரியாணி தின்ற கைகளிலும் பல, எண்ணெய் மினுக்கோடு மேலே வந்தன.

செயலாளர் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. திருமலைச்சாமியை அவர் கட்டிப்பிடிக்கப் போகும்போது முதல் நாற்காலி பறந்து வந்தது. அது செயலாளரின் நெற்றியில் விழுந்தது. அதற்குப்பின் களத்தில் கிடந்ததெல்லாம் கைக்கு வந்தது. காப்பி கிளறுகிற பலகையை எடுத்து நாச்சிமுத்து பிச்சையாவின் வாயில் வீசினான். நாச்சிமுத்தும் மூங்கிப்பள்ளத்துக்காரன்தான், பக்கத்து வீடு, ஹரிகிருஷ்ணன் களத்தில் மேஸ்திரி. இரண்டு பல் காப்பிக்கொட்டையோடு போய்க் கிடந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, திருமலைச்சாமியின் கழுத்துத் துண்டை முறுக்கித் தரையில் இழுத்துக்கொண்டு போகிற முதுகு பிச்சையாவுக்குத் தெரிந்தது. கண் பிதுங்கிவிட்டது அந்த மனுசனுக்கு. இழுத்தது வேலுச்சாமி.

பிச்சையா கையில் குதிரைக்கம்பு இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. காதோடு சேர்த்து ஒரே அடி. வேலுச்சாமி துண்டை விட்டுவிட்டுத் திரும்பினான். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“நீயாண்ணே?” என்றான்.

அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு என்று ஊர் நினைத்தது. மறுநாள் குதிரைகளைப் பிரித்தார்கள். சிவப்பியும் ஒரு கிழட்டு ஆண்குதிரையும் பிச்சையாவுக்கு. சிவப்பியின் வளர்ந்த குட்டி வெள்ளச்சியும் இன்னொன்றும் வேலுச்சாமிக்கு. அவன் தேவகுமாரியை ஊரிலேயே விட்டுவிட்டு, அவற்றை ஓட்டிக்கொண்டு ஹரிகிருஷ்ணன் களத்துக்கே போய்விட்டான். மூன்று நாள் சிவப்பி கொள்ளைத் தொடவில்லை. பாதையைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே நின்றது.

ஹரிகிருஷ்ணன் வாபஸ் வாங்கவில்லை. இரண்டு பேரும் நின்றார்கள், ஒரே கொடியைக் கட்டிக்கொண்டு. பிரசாரம் என்று ஒன்று நடந்தது. திருமலைச்சாமியின் ஆரஞ்சு மரங்களை ஒரு ராத்திரியில் இடுப்பளவில் வெட்டிப்போட்டார்கள். அதற்குப் பதிலாக ஹரிகிருஷ்ணனின் களத்தில் காய்ந்த காப்பிக்குத் தீ வைத்தார்கள். லயத்தில் ஒரு பையனின் கைவிரல்களை ஜீப் கதவில் வைத்து நசுக்கினார்கள். மூங்கிப்பள்ளத்துக்கு ஓட்டுக் கேட்டு ஹரிகிருஷ்ணன் இறங்கவே இல்லை. அந்தப் பெட்டியில் தனக்கு என்ன விழும் என்று அவருக்குத் தெரியும். இருக்கிற நிலவரத்தில் அந்த ஒரு பெட்டிதான் முடிவைச் சொல்லப்போகிறது என்பதும் தெரியும்.

ஓட்டுப்பதிவு அன்று மூங்கிப்பள்ளம் அமைதியாக வரிசையில் நின்று ரோஸ் சீட்டில் குத்திவிட்டு வந்தது. சாயங்காலம் பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். அதை இருட்டில் மேலே ஏற்ற முடியாது. பூத் அதிகாரியாக வந்திருந்த வாத்தியாரும் காவலுக்கு வந்த போலீஸ்காரரும் பள்ளிக்கூடத்திலேயே பெட்டியோடு படுத்தார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு போகப் பிச்சையாவின் குதிரைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். வேறு குதிரையும் ஊரில் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தேவகுமாரி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“மாமா, நாளைக்குப் பெட்டிய எடுக்கப் போறாங்களாம். நாச்சிமுத்து சம்சாரம் வாய் தவறிச் சொல்லிருச்சு. ஓடைக்கிட்ட ஒளிஞ்சிருந்து, மணிச் சத்தம் கேட்டதும் மேல விழுவாங்களாம்.”

“அவன் வாறானா?”

“அந்த மனுசன் இல்லாமயா? குதிரைய வச்சுப் பாதைய மறிக்கணுமில்ல. நீங்க ஒருக்கா அடிச்சீங்க, காது போச்சு. திருப்பி அடிச்சாங்கன்னா நான் யாரன்னு போய்க் கேக்கறது? ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்க ஒரு வழி பண்ணுங்க மாமா.”

பிச்சையா ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த வழி இதுதான். அவர்கள் ஓடைக்கு வந்து சேர்வதற்குள் தான் ஓடையைத் தாண்டிவிடவேண்டும். ஒருவேளை முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தாலும் சத்தம் இல்லாமல் மூடுபனிக்குள் நழுவிவிடவேண்டும். கோழி கூவுமுன் எழுந்து, சிவப்பியின் கழுத்து மணிக்குள் பழந்துணியைத் திணித்து நாரால் இறுக்கிக் கட்டினார்.

மலையில் குதிரை ஓட்டுகிறவன் மணியில் கைவைக்க மாட்டான். இடுக்குப்பாறையில் ஒரு குதிரைக்குத்தான் இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். எதிரில் மணி கேட்டால், இறங்கி வருகிறவன் பாறைக்கு முன்னாலேயே ஒதுங்கி நிற்பான், சுமையோடு ஏறுகிறவன் போவான். அந்த ஒரு ஏற்பாட்டில்தான் அந்தப் பாதையில் இதுநாள்வரை மனிதர்கள் சாகாமல் இருந்தார்கள்.

வாத்தியார் அதைக் கவனித்தார். “மணி இல்லாமப் போகலாமாய்யா?”

“இந்நேரத்துக்கு எதிர்ல யாருங்க வரப்போறா?” என்றார் பிச்சையா. “வெரசா ஏறுங்க.”

பெட்டியைக் கிழட்டுக் குதிரையின் முதுகில் புதுக் கயிற்றால் கட்டினார்கள். சிவப்பி முன்னால், பிச்சையா அதன் தலைக்கயிற்றோடு. அதன் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் போலீஸ்காரரும் வாத்தியாரும். பனி பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது.

மேலே களத்தில் ராத்திரி யோசனை மாறியிருந்தது பிச்சையாவுக்குத் தெரியாது. ஓடையில் காத்திருப்பதை விட, ஊருக்கே இறங்கி, பள்ளிக்கூடத்தில் தூங்குகிறவர்களிடமிருந்து பெட்டியை எடுத்துவிடலாம் என்று ஹரிகிருஷ்ணன் சொல்லிவிட்டார். ஊர் முழித்துக்கொள்ளக் கூடாது. அதனால் வேலுச்சாமி, பெட்டியை ஏற்றிவர ஓட்டிப்போகும் வெள்ளச்சியின் கழுத்து மணியைக் கழற்றிக் களத்திலேயே வைத்துவிட்டு மற்ற ஆட்களோடு கிளம்பினான்.

இடுக்குப்பாறையின் நடுவில் சிவப்பி நின்றது. மூக்கை உயர்த்தி மோந்தது. பிச்சையா கயிற்றைச் சுண்டினார். அது ஒரு கனைப்புக் கனைத்தது. பனிக்குள்ளிருந்து இன்னொரு கனைப்பு வந்தது. தாய்க்கும் குட்டிக்கும் அதற்குமேல் எந்த மனிதன் சொல்லும் காதில் ஏறவில்லை. பிரிந்த குதிரைகள் பின்வாங்காமல் ஒன்றையொன்று தேடிப் பாய்ந்தன.

பிச்சையாவைப் பாறையோடு அழுத்திவிட்டுச் சிவப்பி முன்னால் போனது. விலா எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. எதிரே வெள்ளச்சியின் தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒருவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். ஆகாயத்துப் பக்கம் நின்றிருந்தான். இரண்டு குதிரைகளும் மார்போடு மார்பு மோதின. வெள்ளச்சியின் பின்னங்கால் விளிம்பில் வழுக்கியது. கயிறு சுற்றிய கையோடு வேலுச்சாமி அதனுடன் போனான். கத்தக்கூட இல்லை. கல் சரிகிற சத்தமும், கீழே எதுவோ கனமாக விழுந்த சத்தமும், அதற்குப் பின் குதிரையின் அலறலும்தான் கேட்டன.

வேலுச்சாமிக்குப் பின்னால் வந்த ஹரிகிருஷ்ணன் ஆட்கள் நின்றது ஒரு நொடி. அப்புறம் சிவப்பியின் வயிற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து பெட்டியை நோக்கி வந்தார்கள். போலீஸ்காரர் தடியை ஓங்கினார். அவர் மண்டையில் அரிவாளின் பின்பக்கம் விழுந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தார். வாத்தியார் ஓடிவிட்டார். பிச்சையா அதற்குள் விளிம்பில் தொங்கி, வேரைப் பிடித்து இறங்கத் தொடங்கியிருந்தார். மேலே கிழட்டுக் குதிரையின் பக்கத்தில் நாச்சிமுத்து நிற்பது தெரிந்தது.

“ஏலே நாச்சி! கயிற எறிடா! தம்பி கீழ கெடக்கான்! கயிற எறி!”

நாச்சிமுத்து கீழே பார்த்தான். அவன் கையில் பெட்டியைக் கட்டியிருந்த கயிறு இருந்தது. “வாடா வெரசா” என்று யாரோ அவன் முதுகில் அறைந்தார்கள். கயிற்றோடு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் பனிக்குள் போனான்.

வேலுச்சாமி பாறைச் சரிவில் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே வெள்ளச்சி கிடந்தது. முதுகெலும்பு முறிந்த குதிரை முன்னங்காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு எழப் பார்த்தது. ஒவ்வொரு முறை எழப் பார்க்கும்போதும் அவனை நசுக்கியது. பிச்சையா இடுப்புக் கத்தியை எடுத்தார். தன் கையால் பால்புட்டி கொடுத்து வளர்த்த குதிரை அது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அறுத்தார். ரத்தம் சூடாக அவர் முகத்திலும் தம்பியின் முகத்திலும் அடித்தது. அது அடங்கும்வரை பிடியை விடவில்லை.

வேலுச்சாமி கண்ணைத் திறந்தான்.

“மணி எங்கண்ணே? மணிச் சத்தமே கேக்கலியே.”

“உன்னோடது எங்கடா?”

வேலுச்சாமி சிரிக்கப் பார்த்தான்போல, வாயில் நுரை கட்டியது.

கயிறு இருந்திருந்தால் மேலே நின்று இழுத்திருக்கலாம், ஒரு ஆள் இருந்திருந்தாலும் போதும். பிச்சையா தம்பியை முதுகில் போட்டு வேட்டியால் தன்னோடு கட்டிக்கொண்டு, வேரையும் கல்லையும் பிடித்து ஏறினார். ஒடிந்த விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. “பொறுடா, பொறுடா, வந்தாச்சு” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பாதைக்கு வந்து முடிச்சை அவிழ்த்தபோதுதான் முதுகில் இருந்தவன் எப்போதோ குளிர்ந்துவிட்டது தெரிந்தது.

பெட்டியை ஓடைக்கரையில் கல்லால் உடைத்துச் சீட்டுகளைக் கொளுத்தினார்கள். மறுவாக்குப்பதிவு வைத்தார்கள். பயந்த ஊர் பாதிக்குமேல் ஓட்டுப்போட வரவில்லை. ஹரிகிருஷ்ணன்தான் ஜெயித்தார். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று மதியமே போலீஸ் இறங்கியது. போலீஸ்காரர் மண்டையை உடைத்த கோபம் அவர்களுக்கு. மூங்கிப்பள்ளத்தில் நடக்கத் தெரிந்த ஆண்களை எல்லாம் யார் பக்கத்து ஆள் என்று பார்க்காமல் அடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அகப்படாதவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். விலாவில் கட்டுப்போட்டுக் கிடந்த பிச்சையாவை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வேலுச்சாமியின் உடலைக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, மறுநாள் ஆம்புலன்சில் பெரும்பாறை ரோட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கிருந்து மூங்கிப்பள்ளத்து இடுகாட்டுக்குத் தோளில்தான் போகவேண்டும். குதிரை முதுகில் பிணம் ஏற்றுகிற வழக்கம் மலையில் இல்லை. பாடை கட்டி வைத்தாயிற்று. தேவகுமாரி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு ஜீப்புகள் வந்தன. ஹரிகிருஷ்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து, மடித்த கட்சிக் கொடியை விரித்து உடலின்மேல் போர்த்தினார். “எனக்காக உசுரக் குடுத்த பய” என்று தழுதழுத்தார். அந்தப் பக்கம் திருமலைச்சாமி இறங்கினார். கழுத்தில் இன்னும் துண்டு இறுக்கிய தழும்பு இருந்தது. அவர் கையிலும் கொடி இருந்தது. “கட்சிக் குடும்பத்துப் புள்ள, நாங்க போத்தாம யாரு போத்துறது?” என்று அதன்மேல் போர்த்தினார்.

தேவகுமாரி நிமிர்ந்தாள். இரண்டு கொடியையும் விரலால் தூக்கிப் பார்த்தாள். ஒரே நிறம். ஒரே துணி. ஒரே கடையில் தைத்த ஓரம்.

“இதுல எது யாரு கொடிங்க?” என்றாள். “தெரியாமத்தான் கேக்கறேன். இவரு எதுக்காகச் செத்தாருன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?”

ஹரிகிருஷ்ணன் அவள் தலையில் கைவைக்கக் குனிந்தார். பிச்சையாவின் கம்பு அந்தக் கையின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு சத்தம் போட்டது. இரண்டாவது வீச்சு திருமலைச்சாமிக்கு, தோளில். “என்னய ஏண்டா அடிக்கிற? நான் உன்னாளுடா!” என்று அவர் அலறினார். “எனக்கு யாரும் ஆளு இல்ல” என்று மூன்றாவது வீச்சு வீசுவதற்குள் கூட வந்தவர்கள் அவரைத் தள்ளி மிதித்தார்கள். ஒடிந்த விலாவிலேயே மிதித்தார்கள். அவர் எழுந்து, இரண்டு கொடியையும் உருவிச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் பாடையின் பக்கத்தில் நின்றார். ஜீப்புகள் கிளம்பிப் போயின. ஆஸ்பத்திரிக்குத்தான்.

பாடையைத் தூக்க ஆள் வேண்டும். பிச்சையா ஒரு தோள். தேவகுமாரியின் அப்பா ஒன்று. லயத்துக் கிழவர் ஒருவர் முன்வந்தார். நாலாவது தோளுக்கு ஆள் இல்லை. ரோட்டோரம் நின்ற வெளியூர் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெயில் ஏறியது. உடல் வாடை வீசத் தொடங்கியது.

காப்பிச் செடிகள் விலகின. நாச்சிமுத்து வெளியே வந்தான். ராத்திரி முழுக்கக் காட்டில் கிடந்த சட்டை, முகம் முழுக்க முள் கீறல். ரோட்டில் போலீஸ் நிற்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நேராக வந்து நாலாவது கொம்பின் அடியில் தோளைக் கொடுத்தான்.

பிச்சையாவின் கை கம்பை இறுக்கியது. கம்பைப் பிடித்த அந்தக் கையைத் தேவகுமாரி பிடித்தாள். “பொணத்த வச்சுக்கிட்டு நிக்க முடியாது மாமா” என்றாள், மெதுவாக.

தூக்கினார்கள். ஓடை வந்தது. இடுக்குப்பாறையில் இருவர் முன்னும் இருவர் பின்னுமாகப் பாடையை ஒருக்களித்துப் பிடித்து நடந்தார்கள். பின்கொம்பு இரண்டும் பிச்சையாவும் நாச்சிமுத்தும். ஆகாயத்துப் பக்கம் நாச்சிமுத்து நடந்தான். ஒரு தள்ளு போதும். பிச்சையாவுக்கு அது தோன்றாமல் இல்லை. நாச்சிமுத்துவுக்கும் தெரிந்திருந்தது. அவன் வேர்த்துக்கொண்டே நடந்தான், பாறைப் பக்கம் ஒட்டவில்லை.

குழியை மூடி, மண்ணை மிதித்து, தண்ணீர் தெளித்து முடித்தார்கள். கிழவர்கள் தேவகுமாரியைக் கூட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தார்கள். நாச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் கிளம்பினான்.

“நில்லு” என்றார் பிச்சையா.

நின்றான்.

“எங்கூட வராத. வேற பாதையில போ.”

“ஊருக்கு வேற பாதை கெடையாதேண்ணே.”

“தெரியும்.” பிச்சையா கம்பை ஊன்றி, விலாவைக் கையால் அமுக்கிக்கொண்டார். “அப்ப நான் போனப்புறம் வா.”

நாச்சிமுத்து புது மண்ணுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். பிச்சையா நடந்தார். வீட்டுக்கு வந்து, சிவப்பிக்குத் தண்ணீர் காட்டி, கதவைச் சாத்திய பிறகும், சரிவில் அந்த ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்ததை ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். இருட்டியபின்தான் எழுந்து வந்தான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியதைப் பிச்சையா படுத்துக்கொண்டே கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, ஒருவர் வாசலில் நின்றால் மற்றவர் வெளியே வருவதில்லை.